வழுதலங்காய் போன வழி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள தொழிற்சாலைக் கேன்டீன்களில் கத்திரிக்காய் அரியாத நாள் குறைவு. சாம்பார், காரக்குழம்பு, பொரியல், பிரியாணி போடும் நாளில் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய் என்று எதற்காவது அது வேண்டியிருக்கும். அப்படி ஒரு கேன்டீனில் ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. விடிவதற்குள் கோயம்பேட்டு வண்டி வண்டலூர் – வாலாஜாபாத் சாலை வழியாக வந்து நிற்கும். மூட்டையை இறக்கி, எடைபோட்டு, சொத்தையைக் கழித்து, சமையலறைக்கு அளந்து கொடுக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரி நான், தமிழில் எம்.ஏ. படித்தவள். படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கத்திரிக்காயைத்தான் காட்டுவேன். ஒரு சொல் எப்படி உலகம் சுற்றுகிறது என்பதைக் கல்லூரி நூலகத்தைவிட இந்தச் சமையலறையில்தான் தெளிவாகப் பார்த்தேன்.

என்னென்ன காய் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து வரும் இன்டென்ட் தாளில் அதன் பெயர் பிரிஞ்சால். எங்கள் சமையல் மாஸ்டர் வாலாஜாபாத்துக்காரர், அவருக்குக் கத்திரிக்காய். காய் அரியும் பையன்களில் ஒருவன் ஒடிசாவின் பாலேஸ்வரிலிருந்து வந்தவன். அவன் ‘பாயிகண’ என்பான். அசாம் பையன் ‘பெங்கேனா’ என்பான். பாத்திரம் கழுவும் இடத்தில் இருக்கும் வங்காளத்துக்காரர் ‘பேகுன்’ என்பார். பீகாரின் போஜ்புரிப் பகுதியிலிருந்து வந்தவர், உருண்டைக் காயைப் பார்த்தால் ‘பண்ட்டா’ என்றும் மற்றதைப் ‘பைங்கன்’ என்றும் பிரித்துச் சொல்வார். ஆந்திர டிரைவருக்கு அது ‘வங்காய’. ஓசூர் வழியாக லோடு கொண்டுவரும் கன்னடக்காரருக்குப் ‘பதனேகாய்’. என் அம்மாவுக்கு, நீளமாய் வெளிர்பச்சையாய் இருக்கிற காய், ‘வழுதலங்காய்’.

இந்த வட்டாரத்தின் அமைப்பே இத்தனை பெயர்களையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. அதன்பின் பிரெஞ்சு நிறுவனமான செயின்ட் கோபைன் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி ஆலை தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ – நிசானும் டைம்லரும் வந்தன; வல்லம் வடகாலில் யமஹா வந்தது. கொரியர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் எல்லோரும் இந்தச் சாலையில்தான் போய்வருகிறார்கள். கொரியர்கள் கத்திரிக்காயை ‘காஜி’ என்கிறார்கள். ஜப்பானியர் ‘நாசு’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் அது ‘ஓபர்ஜீன்’.

இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இவை இரண்டு மூன்று குடும்பங்களாகத் தாமே பிரிந்தன. கொரியக் ‘காஜி’ சீனப் பெயரிலிருந்து போனது. ஜப்பானிய ‘நாசு’ தனி வழி. வெள்ளையாய் முட்டைபோல் காய்க்கும் வகையை 18ஆம் நூற்றாண்டில் பார்த்த ஆங்கிலேயர் ‘எக்பிளான்ட்’ என்று வைத்தார்கள்; அமெரிக்காவில் இன்று எல்லா நிறக் காய்க்கும் அதுவே பெயர். இவற்றை ஒதுக்கிவிட்டால் மிச்சமுள்ள பைங்கன், பேகுன், பாயிகண, பெங்கேனா, ஓபர்ஜீன், பிரிஞ்சால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடு தெற்கே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

தமிழில் கத்திரிக்காய்க்கு வழுதுணை என்றும் வழுதலை என்றும் பழைய பெயர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இவற்றைப் பார்க்கலாம். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், புல்வேளூர்ப் பூதன் இட்ட எளிய விருந்தில் வரகரிசிச் சோற்றோடு இந்த வழுதுணங்காயும் வருகிறது. மலையாளத்தில் ‘வழுதன’ இன்றும் அன்றாடச் சொல். கன்னடத்திலும் துளுவிலும் ழகரம் கரைந்து, வகரம் பகரமாகிப் ‘பதனே’ ஆனது. தெலுங்கின் ‘வங்காய’வும் இதே குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தாமஸ் பர்ரோவும் அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இப்படிப்பட்ட உறவுச் சொற்களை மொழிவாரியாக வரிசைப்படுத்திக் காட்டுவது. தமிழ் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டிய நூல் அது.

சமஸ்கிருதத்தில் இந்தக் காய்க்கு வார்த்தாக, விருந்தாக, பண்டாகீ, வாதிங்கண என்று பல பெயர்கள். போஜ்புரிக்காரர் சொல்லும் ‘பண்ட்டா’ அந்தப் பண்டாகீயின் வழி வந்தது. ‘வாதிங்கண’ என்பதை வாத நோயோடு சேர்த்துப் பொருள் சொல்வதுண்டு. ஆனால் இந்தச் சொல்லே திராவிட மொழியிலிருந்து, வழுதுணையின் ஏதோ ஒரு பழைய வடிவத்திலிருந்து, வடக்கே போயிருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஒரு சொல் தன் வீட்டில் இருக்கும்போது அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. வெளியூர் போனால்தான், ‘நீ யார், உனக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்கிறார்கள். அப்போது வாதம், பித்தம் என்று ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து சொல் மேற்கே நடந்தது. பாரசீகத்தில் ‘பாதெங்கான்’. அரபியில் ககரத்துக்கு ஈடாக ஜகரம் வந்து ‘பாதின்ஜான்’. அரபியர் 711இல் ஸ்பெயினுக்குள் நுழைந்த பின்பு நெல், கரும்பு, எலுமிச்சை இவற்றோடு கத்திரிக்காயும் அங்கே வேர்பிடித்தது. 12ஆம் நூற்றாண்டில் செவில்யா நகரத்து இப்னு அல்-அவ்வாம் எழுதிய வேளாண்மை நூலில் நான்கு வகைக் கத்திரியைப் பற்றிய குறிப்பே இருக்கிறது. அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘அல்’ என்ற சிறுசொல் சேரும். அல்ஜீப்ரா, ஆல்கஹால் என்று நாம் சொல்கிறோமே, அந்த ‘அல்’. அதோடு சேர்ந்து ‘அல்-பாதின்ஜான்’. காட்டலான் மொழியில் ‘அல்பர்ஜீனியா’. அதைப் பிரெஞ்சுக்காரர் வாங்கி ‘ஓபர்ஜீன்’ ஆக்கினார்கள். ‘ஓபர்ஜீன்’ என்று வாய்குவித்துச் சொல்லும்போது அதன் முதல் எழுத்து அரபியின் ‘அல்’, நடுவில் இருப்பது பாரசீகத்தின் ‘பாதெங்கான்’, அடியில் கிடப்பது நம் பக்கத்துக் காய்.

இந்த இடத்தில் இன்னொரு காயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு அதிகாரிகளுக்குச் சமைக்கும் விருந்தினர் விடுதிகளில் எண்ணெயில் ஊறிய ஒரு பொருள் கண்ணாடிப் புட்டியில் வரும். இதழ் இதழாய், வாழைப்பூவின் உள்மொக்கு மாதிரி இருக்கும். ஆர்ட்டிசோக். தமிழில் கூனைப்பூ என்று ஒரு பெயர் எழுத்தில் வழங்குகிறது. வாயில் இன்னும் ஏறவில்லை. காய் என்று பட்டியலில் வந்தாலும் அது விரியாத மொக்கு. மத்தியதரைக் கடலோரத்து முட்செடி ஒன்றின் பூ, மலர்வதற்கு முன்னால் அறுத்தெடுப்பது. விட்டுவிட்டால் ஊதா நிறத்தில் விரிந்துவிடும், அப்புறம் சாப்பிட முடியாது. இத்தாலி, ஸ்பெயின், எகிப்து நாடுகளில் ஏராளமாக விளைகிறது.

முதன்முதலில் அந்தப் புட்டியைப் பார்த்தபோது எங்கள் மாஸ்டர் கேட்டார்: “ஏம்மா, நீ தமிழ் படிச்சவளாச்சே, இதுக்கு என்னா பேரு, என்னா அர்த்தம்?” பெயரைச் சொல்லிவிடலாம், அர்த்தம் சொல்வதற்குத் தேட வேண்டியிருந்தது. தேடியபோது கத்திரிக்காய் போன அதே பாதையில்தான் இதுவும் போயிருந்தது. அரபியில் ‘அல்-கர்ஷூஃப்’. ஸ்பெயினில் பழைய வழக்கு ‘அல்கர்சோஃபா’, இப்போது ‘அல்கச்சோஃபா’. இத்தாலியின் வடபகுதிக்குப் போய் ‘ஆர்த்திச்சோக்கோ’. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு ‘ஆர்ட்டிசோக்’, பிரெஞ்சுக்கு ‘ஆர்த்திஷோ’, ஜெர்மனுக்கு ‘ஆர்ட்டிஷொக்கெ’. இந்தப் பயணத்தில் ‘அல்’ என்பது ‘ஆர்’ ஆகிவிட்டது.

ஆங்கிலேயருக்கு அந்த ‘சோக்’ காதில் வேறுமாதிரி விழுந்தது. அவர்கள் மொழியில் அது தொண்டையில் சிக்குவதைக் குறிக்கும் சொல். மொக்கின் நடுவில் பஞ்சுபோல் ஒரு பகுதி இருக்கிறது. தின்றால் தொண்டையை அறுக்கும், சுரண்டி எறிந்துவிட வேண்டும். அந்தப் பகுதிக்கே ‘சோக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரிலிருந்து ஒரு துண்டை உடைத்தெடுத்து உறுப்புக்குச் சூட்டியிருக்கிறார்கள். அதைவிட வியப்பு அரபு நாட்டில் நடந்தது. சொல்லைக் கொடுத்தவர்களே அரபியர். அது ஐரோப்பாவில் உருமாறித் திரும்பி வந்தபோது, சிரியா, லெபனான் பக்கத்து மக்கள் அதை அடையாளம் தெரிந்துகொள்ளாமல் ‘அர்தீ ஷௌக்கீ’ என்று உச்சரித்தார்கள். மண், முள் என்று பொருள்படும் இரண்டு அரபிச் சொற்கள் அவை. முட்செடிதானே, பொருளும் பொருந்திவிட்டது. வீட்டைவிட்டுப் போன பிள்ளை வேறு பெயரோடு வந்து வீட்டு வாசலில் நின்றதைப்போல.

இந்தியிலும் இதே கதைதான். அகராதிகளில் ஆர்ட்டிசோக்குக்கு ‘ஹாத்திசக்’ என்று போட்டிருக்கும். ஹாத்தி என்றால் யானை. அந்தச் செடிக்கும் யானைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘ஆர்ட்டி’ என்பது இந்திக்காரர் காதில் ‘ஹாத்தி’ என்று விழுந்தது, அவ்வளவே. வட அமெரிக்காவின் ஒரு கிழங்குக்கு ஆங்கிலத்தில் ‘ஜெருசலேம் ஆர்ட்டிசோக்’ என்று பெயர். அது சூரியகாந்தி இனம். ருசி ஆர்ட்டிசோக்கை ஒத்திருந்ததால் பாதிப் பெயர் வந்தது. மீதிப் பாதி, சூரியகாந்தியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான ‘ஜிராசோலெ’ ஆங்கிலேயர் வாயில் ஜெருசலேம் ஆனது என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

நாமும் இதைச் செய்திருக்கிறோம். நூல்கோல் என்று ஒரு காய் இருக்கிறதே, அதில் நூலும் இல்லை, கோலும் இல்லை. டச்சு மொழியில் கிழங்குபோலத் திரண்ட கோஸ் என்னும் பொருளில் ‘நோல்கோல்’ என்று சொன்னார்கள். நமக்குத் தெரிந்த இரண்டு சொற்களாக அதைக் கேட்டுக்கொண்டோம். சென்னைப் பக்கம் அது இன்னும் தேய்ந்து நூக்கல் ஆகிவிட்டது. முட்டைக்கோஸில் உள்ள ‘கோஸ்’ போர்ச்சுக்கீசியரின் ‘கோவ்’ என்ற சொல். முட்டை நாம் வைத்தது. தெரியாத சொல் வாய்க்குள் வரும்போது மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை அதில் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான பழக்கம் இது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. வாங்கிய சொல்லை மக்கள் தங்கள் வீட்டுச் சொல்லாக ஆக்கிக்கொள்ளும் வேலை இது.

கத்திரிக்காய்தான் இதில் அதிகம் வசவு வாங்கியது. இத்தாலியில் ‘மெலன்சானா’ என்ற பெயரை ‘மேலா இன்சானா’ என்று பிரித்தார்கள். பைத்தியக்கார ஆப்பிள் என்று அர்த்தமாகிவிட்டது. தின்றால் புத்தி பேதலிக்கும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 1753இல் லின்னேயஸ் இதற்கு ‘சொலானம் மெலோஞ்ஜெனா’ என்று தாவரப் பெயர் வைத்தார். அந்த மெலோஞ்ஜெனாவும் பாதின்ஜான் வழி வந்ததே. வங்காளிகள் ‘பே-குன்’ என்று பிரித்து, குணமில்லாத காய் என்பார்கள். சொல்லிக்கொண்டே அதை வட்டமாக நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் பிசறி, கடுகெண்ணெயில் வறுத்து ‘பேகுன் பாஜா’ என்று ரசித்துத் தின்பார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் பிரிஞ்சால் என்பது ‘பிரவுன் ஜாலி’ ஆனது. ஜப்பானியர் மட்டும் நல்ல பொருள் கண்டார்கள். புத்தாண்டின் முதல் கனவில் ஃபூஜி மலையும் வல்லூறும் கத்திரிக்காயும் வந்தால் நற்சகுனம் என்பது அவர்கள் நம்பிக்கை. ‘நாசு’ என்ற ஒலியே அவர்கள் மொழியில் ஒரு காரியத்தை முடித்துக் காட்டுவதையும் குறிக்கும் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

சொல் திரும்பி வந்த கதைக்கு வருகிறேன். ஸ்பெயினில் ‘பெரன்ஹேனா’, போர்ச்சுக்கலில் ‘பெரிஞ்ஜெலா’. வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கினார். 1510இல் கோவா போர்ச்சுக்கீசியர் கைக்குப் போயிற்று. இந்தியக் கடற்கரை நெடுக அவர்கள் மொழி வியாபார மொழியானது. வழுதன என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்த மலையாளக் கரையிலேயே ‘பெரிஞ்ஜெலா’ வந்து இறங்கியது. பின்னால் வந்த ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து வாங்கி ‘பிரிஞ்சால்’ என்றார்கள். அதனால்தான் இங்கிலாந்தில் ஓபர்ஜீன் என்கிற அதே ஆங்கிலம் இந்தியாவில் பிரிஞ்சால் என்கிறது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல், ஹென்றி யூலோடு சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேடிய நூல் அது. பர்னெல் அது வெளிவருவதற்கு முன்பே 1882இல் இறந்துவிட்டார். கத்திரிக்காய்ப் பெயரின் இந்த நீண்ட பயணத்தை அந்த நூல் விரிவாகவே பேசுகிறது. முருங்கை என்ற நம் சொல் ‘மொரிங்கா’ என்று தாவரவியலில் ஏறியதைப் பலரும் பெருமையாகச் சொல்கிறோம். வழுதுணைக்கு அந்தப் பெருமையை யாரும் கொடுக்கவில்லை. அது அதைவிடத் தூரம் போன சொல்.

அம்மாவிடம் ஒருநாள் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். “நம்ம வழுதலங்காய்க்கு இம்புட்டு பேரா மக்கா?” என்று கேட்டுவிட்டு, “தீயல் வைக்கதுக்கு அங்க நல்ல காய் கிடைக்குதா?” என்றாள். கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் வாங்கும் காய் ஒரே அளவில், ஒரே நிறத்தில், மூட்டையில் நசுங்காமல், சீக்கிரம் அரிபடும்படி இருக்க வேண்டும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அருமையான ருசி. ஆனால் காம்பில் முள்; அவசரமாக அரிகிற பையன்களின் கையைக் குத்தும். எங்கள் இன்டென்ட் தாளில் அது வருவதற்கு வழியே இல்லை. அம்மாவின் நீளக் காயும் அப்படியே. வகைக்கு ஒரு பெயர் இருந்த இடத்தில் எல்லாம் சேர்ந்து பிரிஞ்சால் என்ற ஒற்றை வரியாகிவிடுகிறது. ஒரு வகை சந்தைக்கு வராமல் போனால் அதன் பெயரைக் குழந்தைகள் கேட்பதற்கு வாய்ப்பே இல்லை. அகராதியில் இருப்பதால் மட்டும் ஒரு காயின் பெயர் உயிரோடு இருக்காது. யாராவது அதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மூலச்செடிகூட இங்கேதான் இருக்கிறது. நாம் வளர்க்கும் கத்திரி ‘சொலானம் இன்சானம்’ என்ற காட்டுச் செடியிலிருந்து வந்தது என்பது தாவரவியலாளர் முடிவு. தென்னிந்தியா உட்பட வெப்பமண்டல ஆசியாவில் தரிசிலும் பாதையோரத்திலும் தானாக முளைக்கும் முட்செடி அது. பெயரில் உள்ள ‘இன்சானம்’ அந்தப் பழைய பைத்தியப் பட்டம்தான். சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். சிப்காட் தொழிற்பேட்டை மனைகளில் வேலி போட்டுவிட்டு இன்னும் கட்டடம் எழும்பாத இடங்களில் இந்தச் சொந்தக்காரர்களை இன்றும் பார்க்கலாம். எங்கள் மாஸ்டர் அந்த வேலியோரத்துத் தூதுவளையைப் பறித்து ரசம் வைப்பார். எந்தச் செடிக்கு என்ன பெயர் என்று அவரிடம் கேட்டால் நின்று சொல்வார். அவரிடம் அரிய வந்த பையன்களில் ஒருவனுக்கு இப்போது ‘கண்டங்கத்திரி’ என்ற பெயர் நன்றாக வாயில் வருகிறது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் சின்ன வயதில் தின்ற கத்திரிக்காய் வகைகளின் பெயரைக் கேளுங்கள். கத்திரி மட்டுமல்ல, அவரை, சுரை, பீர்க்கு, பூசணி எல்லாவற்றையும் கேளுங்கள். அவர்கள் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே, திருத்தாமல், எழுதி வையுங்கள். பக்கத்தில் ஊர்ப் பெயரையும் சொன்னவரின் வயதையும் குறியுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் சென்னைக் கடையில் நின்றாலும் கூச்சப்படாமல் வழுதலங்காய் என்றே கேளுங்கள். கடைக்காரருக்குப் புரியாவிட்டால் காயைத் தொட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை அவருக்குத் தெரிந்திருக்கும்.